ஈர மரத்தூள்

தண்ணீர் இறைப்பவள் வேம்பு; ஊற்றிக் கழுவுபவள் அவளுடைய அண்ணி இருசம்மாள். விடிந்தும் விடியாததுமாகப் பின்கட்டுக் கிணற்றில் வாளி விழுகிற சத்தம் கேட்கும். மேல்மாடி லாட்ஜில் தங்கியிருக்கிறவர்கள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வார்கள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி என்று வேம்பு இரண்டு மாடியும் ஏறுவாள். இருசம்மாள் அதை வாங்கி வராந்தாவின் ஒரு கோடியில் சாய்த்து, விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டே வருவாள். லாட்ஜ் வராந்தாத் தண்ணீர் படி வழியாக இறங்கி முதல் மாடிப் பாங்கி வராந்தாவுக்கு வரும். அங்கே இன்னும் சில குடம் சேரும். எல்லாம் திரண்டு கீழே ஜவுளிக்கடை வாசலைத் தாண்டி, அரியலூர் ஸ்டேஷன் ரோட்டுச் சாக்கடையில் போய் விழும்.

"மெதுவா ஊத்துங்க அண்ணி. எறைக்கிறவளுக்குல்ல தெரியும் தோள்வலி."

"எறைச்சதுல பாதியப் படியிலயே சிந்திட்டு வர. அதையும் நான்தானடி தள்ளணும்!"

இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். அவர்களுக்குப் பேசத் தெரிந்த விதம் அது.

கழுவாமல் விடமுடியாத ஊர் அது. சிமெண்டு லாரிகள் பகலெல்லாம் அந்த ரோட்டில் போகும். போகிற லாரியின் தார்ப்பாய் இடுக்கிலிருந்து வருகிற தூசி, சாம்பல் நிறத்தில், மாவைவிட நைசாக, ஜன்னல் சட்டம், மேஜை, பாங்கிக் காவல்காரர் மணியின் தொப்பி என்று எல்லாவற்றிலும் படியும். காலையில் கழுவினால் மத்தியானம் விரலால் பேர் எழுதலாம். அந்தக் கட்டடத்தில் யாரும் 'கூட்டியாச்சா' என்று கேட்டதில்லை. 'கழுவியாச்சா' என்றுதான் கேட்பார்கள். தரை ஈரமாக இருக்கவேண்டும், பினாயில் வாசம் வரவேண்டும். அதுதான் சுத்தம்.

கழுவக் கழுவ மொசைக் தரையில் ஒரு வெள்ளை ஏடு படர்ந்துகொண்டே போனது வேறு விஷயம். மாதத்துக்கு ஒரு முறை ஆசிட் ஊற்றித் தேய்ப்பார்கள். நுரைக்கும், புகையும், கண்ணில் நீர் கொட்டும். ஏடு போகும், கூடவே மொசைக்கின் வழவழப்பும் போகும். சொரசொரப்பான தரையில் தூசி இன்னும் நன்றாகப் பிடிக்கும். இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவார்கள். சாக்கடைக் குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். கம்பி விட்டுக் குத்தினால் கட்டி கட்டியாக வரும். எந்த லாட்ஜ்காரன் என்னத்தைப் போட்டானோ என்று திட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

வேம்பு அந்த வேலைக்கு வந்தது தண்ணீர் இறைப்பதற்காகத்தான். ஆண்டிமடத்தில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் தங்கராசு முந்திரித் தோப்பில் காவல் வேலை பார்த்தான். நாலைந்து வருஷம் ஒழுங்காகத்தான் இருந்தான். பிள்ளை இல்லை என்று ஒரு பேச்சு வந்தது. பிறகு தோப்புக்குக் கொட்டை பொறுக்க வந்த ஒருத்தி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டாள். வேம்பு அழவும் இல்லை, பஞ்சாயத்துக்கும் போகவில்லை. மாற்றுப் புடவையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் அய்யம்பெருமாள் சுண்ணாம்புக்கல் குவாரியில் லோடு ஏற்றுகிறவன். ஒற்றை அறைக் கூரைவீடு, மூன்று பிள்ளைகள். இருசம்மாள் அடுத்த நாளே அவளைக் கட்டடத்துக்குக் கூட்டிவந்து, "எறைக்க ஆள் இல்லாம எனக்கு இடுப்பு ஒடியுதும்மா" என்று கட்டடத்துச் சொந்தக்காரி ஜெயலட்சுமியிடம் சொல்லிவிட்டாள்.

"சோத்துக்கு பாரமா இருக்கமாட்டேன் அண்ணி. சம்பாதிக்கிற வரைக்கும் இங்க இருப்பேன். இல்லாட்டி அவன் வூட்டுக்கே போயி அவளுக்கும் சேத்து சோறாக்கிப் போடுறேன்" என்று வேம்பு சொன்னபோது, இருசம்மாள், "அடச்சீ, வாய மூடு" என்றாள். ஆனால் வேம்பு சொன்னால் செய்துவிடுகிறவள் என்று அவளுக்குத் தெரியும்.

எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடையில் கிணறு அடியைத் தொட்டது. லாட்ஜ் தொட்டிக்கு ஏற்றுகிற மோட்டார் காற்றைத்தான் இழுத்தது. வாளி விட்டால் பாதி சேறு. ஊரில் எங்கேயும் அதே கதைதான். குழாயடியில் குடங்கள் ராத்திரியே வரிசை கட்டி உட்கார்ந்திருந்தன. லாட்ஜ்காரர்கள் குளிக்கக் கேட்டார்கள், பாங்கியில் குடிக்கக் கேட்டார்கள்.

ஜெயலட்சுமிக்கு ஐம்பது வயது. புருஷன் நிலத்தை விற்றுக் கட்டடத்தை எழுப்பிவிட்டு, குடி வைத்த மறுவருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். கீழ்க்கட்டில் ஒரு அறையில் இருந்துகொண்டு அந்த அம்மாதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்து அறையில் உட்கார்ந்தவர், இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"இனிமே தெனம் கழுவ வேணாம். வாரத்துக்கு ஒருக்கா. பெரம்பலூர்ல ஒருத்தர் இருக்காராம், ஆளு வச்சு ஆசிட் போட்டுத் தேச்சுட்டுப் போயிடுவாராம்."

"மத்த நாள்ல?" என்றாள் இருசம்மாள்.

"நீ கூட்டு."

வேம்பு நின்றுகொண்டே இருந்தாள். ஜெயலட்சுமி அவளைப் பார்க்காமல் வெற்றிலையைத் துடைத்தார்.

"கெணத்துல தண்ணியே இல்ல. எறைக்கிறதுக்கு ஒரு ஆளு எதுக்கும்மா? நீயே சொல்லு. ஆடி வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

அன்று ராத்திரி சாப்பிடும்போது அய்யம்பெருமாள், "ஆண்டிமடத்துக்குச் சொல்லியனுப்பட்டுமா?" என்று கேட்டான். வேம்பு எழுந்து கை கழுவப் போனாள். தங்கைக்கு நல்லது செய்வதாக நினைத்து, முந்திரி வியாபாரி ஒருவரிடம் அவனே சொல்லியனுப்பியும்விட்டான்.

ஆடிக்குள் ஏதாவது செய்தாகவேண்டும் என்று இருசம்மாள் முதலில் செய்தது ஒரு திருட்டு வேலை. தண்ணீரே இல்லாமல் கூட்டிவிட்டு, பாங்கி நிலைப்படியில் மட்டும் ஒரு குவளை பினாயில் தண்ணீரைத் தெளித்தாள். மேனேஜர் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "பேஷ், கழுவியாச்சா?" என்று உள்ளே போனார். அப்படியே சில நாள் ஓடியது. ஒரு நாள் நகைக்கடன் வாங்க வந்த உடையார்பாளையத்துப் பெரியவர் ஒருவர் பெஞ்சில் இடம் இல்லாமல் வெள்ளை வேட்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்து திரும்பியதும் பாங்கியே சிரித்தது.

ஜெயலட்சுமி மாடிக்கு வந்து பார்த்தார். "ஏண்டி இருசு, மூக்கை மட்டும் கழுவி விட்டிருக்கியா?"

வேம்புவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருசம்மாள் அவள் தொடையில் கிள்ளினாள்.

மரத்தூள் வந்தது அதற்கு அடுத்த வாரம். லாட்ஜில் கட்டில் சட்டங்கள் உளுத்துப்போய், தச்சர் அரியமுத்து மேல்மாடி வராந்தாவில் உட்கார்ந்து அறுத்துக்கொண்டிருந்தார். ஓர் அறைக்காரர் டிபன் கேரியரைக் கைதவறிப் போட, சாம்பார் வராந்தா பூராவும் ஓடியது. கழுவத் தண்ணீர் இல்லை. வேம்பு எரிச்சலோடு இரண்டு கையாலும் மரத்தூளை அள்ளி அதன்மேல் போட்டாள். ஊறட்டும் என்று விட்டுவிட்டுப் பிறகு கூட்டித் தள்ளினாள். சாம்பாரோடு தூசியும் வந்துவிட்டது. தூள் விழுந்த இடம் மட்டும் மொசைக்கின் சிவப்பும் கறுப்பும் தெரிய, சுற்றிலும் சாம்பல் பூத்துக் கிடந்தது.

"அண்ணி, இங்க வாங்க. சாம்பாரு கொட்டின எடம் பாங்கியவிட சுத்தமா இருக்கு."

"அப்ப தெனம் சாம்பார் ஊத்தச் சொல்றியா?" என்றாள் இருசம்மாள். சொல்லிவிட்டு அவளும் குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள்.

முதலில் காய்ந்த தூளையே தூவிக் கூட்டினார்கள். கீழ்க்காற்று அடித்த நாள். படியில் கூட்டிய தூள் பறந்து போய் ஜவுளிக்கடை முதலாளி குழந்தைவேல் விரித்துக் காட்டிக்கொண்டிருந்த கல்யாணப் பட்டுமேல் உட்கார்ந்தது.

"ஏம்மா! முகூர்த்தப் புடவையில மரத்தூளா? பொண்ணுக்குப் பட்டு கேட்டா கட்டில் பண்ணிக் குடுப்பியளா?" என்று வாசலில் நின்று கத்தினார். பட்டு வாங்க வந்தவர்கள் சிரித்துவிட்டதால் தப்பித்தார்கள்.

பிறகு தூளைத் தண்ணீரில் முக்கி எடுத்துப் போட்டார்கள். அரியமுத்து அன்றைக்கு அறுத்தது வேங்கை. பாங்கி வராந்தா முழுவதும் செம்பழுப்பாகச் சாயம் இறங்கிவிட்டது. அதைத் துடைக்கவே ஒரு குடம் போயிற்று. "வேங்கைத் தூளத் தண்ணியில போடுவாங்களா? என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?" என்று அரியமுத்து தலையில் அடித்துக்கொண்டார். "வேப்ப மரத்துத் தூள் தரேன். வேம்புக்கு அதான் ஒத்துவரும்."

"ரொம்ப லட்சணம். ஒங்க வாய்க்கும் ஒரு கை அள்ளிப் போடுறேன்" என்றாள் வேம்பு.

கடைசியில் கைப்பக்குவம் பிடிபட்டது. புட்டு மாவுக்குத் தண்ணீர் தெளித்துப் பிசறுகிற மாதிரி. பிடித்தால் பிடிபடவேண்டும், விட்டால் உதிரவேண்டும். ஒரு செம்புத் தண்ணீரில் பிசறிய தூளை வராந்தாவின் ஒரு கோடியில் போட்டு, உருட்டிக்கொண்டே மறுகோடிக்குக் கூட்டினால் தூசி அதோடு உருண்டு வந்துவிடும், மேலே எழும்பாது. பாங்கி மேனேஜர் மட்டும் சில நாள் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "இன்னிக்குக் கழுவலையா?" என்று கேட்டார். அவருடைய கறுப்பு பூட்ஸ் சாயங்காலம் வரை கறுப்பாகவே இருப்பதைப் பார்த்த பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

இருசம்மாளுக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷம் கிணற்றடிக்கு வந்ததும் நின்றது. வேம்பு கிணற்றுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு சுருட்டி மாட்டியிருந்தது.

"ஒரு செம்புத் தண்ணிக்கு நான் எதுக்கு அண்ணி?"

இருசம்மாள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. நல்லது நடந்தா நல்லதுதான். கெணறு நெறைஞ்சாலும் இனிமே யாரும் எறைக்கச் சொல்லமாட்டாங்க. நானேதான் தூளை அள்ளிப் போட்டேன், நானே வேலையையும் கூட்டித் தள்ளிட்டேன்."

இருசம்மாளுக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை. மரத்தூளே வேண்டாம், மறுபடி கழுவுவோம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தாள். எதைக் கொண்டு கழுவுவது?

ஆடி பிறந்தது. பின்கட்டு ஓரமாக, கூட்டிய ஈரத்தூளை ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தார்கள். குப்பையோடு சேர்த்து என்றைக்காவது கொளுத்திவிடலாம் என்று நினைத்திருந்தார்கள். பாங்கிக் காகிதம், ஜவுளிக்கடை அட்டைப்பெட்டி, லாட்ஜ் வாழையிலை எல்லாவற்றையும் அங்கே குவித்துக் கொளுத்துவதுதான் வழக்கம். புகை மாடி ஜன்னல் வழியாகத் திரும்ப உள்ளே வரும். அன்றைக்குக் கொளுத்துவதற்காக வேம்பு சாக்கைத் தூக்கினாள். அசையவில்லை. இருசம்மாளும் பிடித்தாள். சாக்கு கிழிந்தது. உள்ளே தூள் இல்லை. சாக்கின் வடிவத்திலேயே, மூலை, மடிப்பு, கட்டிய கழுத்து எல்லாம் அப்படியே பதிந்த ஒரு பாறை நின்றது.

ஜெயலட்சுமியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் கால் கட்டைவிரலால் அதைத் தட்டிப் பார்த்தார். விறகு உடைக்கிற கோடாலியைக் கொண்டுவரச் சொல்லி ஒரு ஓரத்தை உடைத்துப் பார்த்தார். பிறகு மாடிப்படியைப் பார்த்தார், அதில் படர்ந்திருந்த வெள்ளை ஏட்டைப் பார்த்தார், சாக்கடைக் குழாய் மூடியைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடிப்பாவிகளா! சிமெண்டுல தண்ணி ஊத்தினா என்ன ஆகும்? நாம இத்தினி வருஷமா தரையக் கழுவலடி, பூசிக்கிட்டு இருந்திருக்கோம்! பூசிட்டு, ஆசிட்டுக் காசு குடுத்து உரிச்சுக்கிட்டு இருந்திருக்கோம்!"

"சிமெண்டு ஊருல இருந்துகிட்டு இது தெரியல பாருங்க" என்றாள் இருசம்மாள்.

"ஒனக்குத் தெரியல, எனக்குத் தெரியல, எம்வூட்டுக்காரரு இந்தக் கட்டடத்தையே கட்டினாரு, அவருக்கும் தெரியல."

வேம்பு மட்டும் சிரிக்கவில்லை. உடைந்த துண்டைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிமெண்டு மாவு ஒரு பக்கம், மரத்தூள் ஒரு பக்கம் என்று தெரிந்தது.

"இது ஊறிக் கெடந்ததாலதானம்மா கல்லாச்சு? கூட்டின கையோட வெயில்ல பரப்பிக் காயவச்சு, சல்லடையில சலிச்சா?"

"சலிச்சா?"

"சிமெண்டு கீழ போயிடும். தூளு மேல நிக்கும். மறுபடி பிசறிப் போடலாம். அரியமுத்து ஆசாரிகிட்ட தெனம் போயி நிக்க வேணாம். ரொம்ப அழுக்கானதை அடுப்புல போடலாம். மரத்தூள் அடுப்பு இருக்குல்ல, எங்க அண்ணன் வூட்டுலகூட அதான். லாட்ஜுல வெந்நிக்கு வெறகு வாங்குறீங்களே."

ஜெயலட்சுமி கோடாலியைக் கீழே வைத்தார். "அதை யாரு காயவச்சு, சலிச்சு, அடுப்பத் திணிச்சு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். கேட்கும்போதே அவருக்கு விடை தெரிந்துவிட்டது. "ஓகோ. அப்படிப் போவுதா கதை" என்றார்.

"சும்மா ஒரு மாசம் பாருங்கம்மா. சரியா வரலன்னா நானே போயிடுறேன்."

"போறாளாம். போடி. அந்த வெறகுக் கொட்டடிய ஒழிச்சுக் குடுக்குறேன், மழையில நனையாம வச்சுக்க. பெரம்பலூர்க்காரன வரவேணாம்னு சொல்லிடுறேன்."

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் வாரம் அடுப்பில் போட்ட தூளில் லாட்ஜ் வராந்தாவில் பழக்கத்துக்குத் தெளித்த பினாயில் இருந்ததால், வெந்நீரில் குளித்தவர்கள் கக்கூஸ் வாசம் அடிக்கிறது என்று சண்டைக்கு வந்தார்கள். அன்றோடு பினாயில் கக்கூசுக்கு மட்டும் என்று ஆயிற்று. மழை பிடித்த நாட்களில் தூள் காயவே காயாது; அப்போது பழைய கோணியைக் கிழித்து, பிழிந்து, ஒரு வாளி நீரில் மூன்று தளமும் துடைத்தார்கள். ஆனால் கொளுத்துகிற புகை நின்றது. வேம்பு காகிதத்தைத் தனியாக, அட்டையைத் தனியாகக் கட்டினாள். வாழையிலை பக்கத்துத் தெருப் பசுக்களுக்குப் போனது. குழந்தைவேல் தன் கடை அட்டைப்பெட்டிகளை அவரே மடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "கட்டில்கார அம்மா, இந்தாங்க" என்று கிண்டல் செய்துவிட்டுப் போவார். மாடிப்படியில் வெள்ளை ஏடு புதிதாக ஏறவில்லை. பழையது ஆட்கள் நடந்து நடந்தே தேய்ந்துகொண்டு வந்தது.

தங்கராசு வந்தது அந்தச் சமயத்தில்தான், புரட்டாசி மாதம் ஒரு முற்பகல். அய்யம்பெருமாள் சொல்லியனுப்பிய செய்தி, தோப்பு தோப்பாகச் சுற்றி அப்போதுதான் அவன் காதுக்குப் போயிருந்தது. கொட்டடி வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, சாக்குமேல் உட்கார்ந்தான். வேம்பு சலித்துக்கொண்டிருந்தாள். இருசம்மாள் சுவரோரமாக நின்றாள்.

"மெலிஞ்சுட்ட" என்றான்.

"எறைக்கிற வேலை போயிடுச்சு. கையி கொஞ்சம் எளச்சிருக்கும்."

"அந்தப் பொம்பள போயிட்டா. தெரியுமில்ல? வைகாசியிலயே போயிட்டா. வூட்டுல ஆள் இல்ல."

"சோறாக்க ஆள் இல்லன்னு சொல்லுங்க."

"அதுவுந்தான்" என்றான், ஒளிக்காமல். அவன் கெட்டவன் இல்லை; பசித்தவன் மாதிரி இருந்தான். அறையை ஒரு சுற்றுப் பார்த்தான். கட்டிவைத்த காகிதம், குவித்த தூள், மூலையில் அந்தச் சாக்குப் பாறை. "ஒன் அண்ணன் வேலை இல்லன்னு சொல்லிவுட்டாரு. இது என்ன வேலை? தூசி சலிக்கிறது ஒரு வேலையா?"

இருசம்மாள் வாயைத் திறக்கப்போனாள். வேம்பு அவளைப் பார்த்தாள். இருசம்மாள் மூடிக்கொண்டாள்.

"துணிய எடுத்துக்க. மத்தியான பஸ்ஸப் புடிச்சா வெளக்கு வைக்கிறதுக்குள்ள போயிடலாம்" என்றான். அவள் சல்லடையைத் தட்டினாள். சாம்பல்மாவு கீழே உதிர்ந்தது. "ஏ புள்ள, ஒன்னத்தான் கேக்குறேன். வரியா, இல்லியா?"

மாடியிலிருந்து பாங்கிப் பியூனின் குரல் கேட்டது. "வேம்பு! மேனேஜர் ரூம்ல டீ கொட்டிடுச்சு, வா!"

வேம்பு சல்லடையைக் கீழே வைத்தாள். முறத்தில் தூளை அள்ளி, செம்பிலிருந்து நீர் தெளித்துப் பிசறினாள். ஒரு பிடி பிடித்துப் பார்த்தாள், விட்டதும் உதிர்ந்தது. முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"வரியா?" என்றான் தங்கராசு மறுபடியும்.

அவள் அவன் செருப்பை மிதிக்காமல் தாண்டி, வெளியே போய்ப் படியேறினாள்.